இரண்டு கடல்

மத்தியானமே நெஞ்சு கனத்திருக்கிறது.
வாயு என்று சோடா குடித்திருக்கிறாள்.
நாளைக்கு நீர் தெளியுமா என்று
பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறாள்.
ராத்திரி எழுந்து நின்றவள்
நின்றபடியே மடங்கி விழுந்தபோதுதான்
கருமலையான் நூற்றெட்டுக்கு அடித்தார்.

சின்னப்பாலத்திலிருந்து ராமநாதபுரம்
ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.
பெயர் நம்புத்தாய். வயது நாற்பத்தேழு.
தொழில் என்ற கட்டத்தில்
'பாசி' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஈசிஜி எடுப்பவள் நான்.
மார்பில் வைத்த குமிழ்கள் நிற்காமல் வழுக்கின.
காது மடலில், கழுத்துக் குழியில், மணிக்கட்டில்
குளித்தும் போகாத உப்பு.
விரல்களில் துணி சுற்றிய தடம்,
பாறை கிழித்த பழைய கோடுகள்.
களிம்பே வேண்டாம் போல, இந்த உடம்பில்
மின்சாரம் தானாக ஓடும் என்று நினைத்தேன்.
ஓடவில்லை.
அதுதான் வியாதி.

தாள் நகர்ந்தது.
மேலறை நிமிடத்துக்குத் தொண்ணூறு தரம் கூப்பிடுகிறது,
சின்னச் சின்ன மேடாக, ஒழுங்காக.
கீழறைக்குக் கேட்கவில்லை.
அது தன்பாட்டுக்கு முப்பத்திநாலு.

நான் தங்கச்சிமடத்துக்காரி.
எங்களுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
கச்சான் வீசும் மாதங்களில்
தெற்கு கரையை அறைந்துகொண்டிருக்கும்,
வடக்கு தட்டில் ஊற்றிய கஞ்சியாய்க் கிடக்கும்.
நடுவில் கொஞ்சம் மணல், பனை, ஒரு ரோடு.
ஒன்றின் அலையை மற்றது எண்ணுவதில்லை.
இதைத் தாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றால் பொய்;
பதினொரு வருஷத்தில் நிறையப் பார்த்தாயிற்று.
ஊர் ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் ஹமீதா தாளை விளக்குக்குப் பிடித்தார்.
இரண்டு, மூன்று, ஏவிஎஃப்.
மூன்று இடத்தில் நகம் வைத்தார்.
"அடிச்சுவர். சேதி கடத்துற முடிச்சுக்கும்
அதே குழாய்லதான் ரத்தம்."
"டிரான்ஸ்பார்மர் போச்சா?" என்றார் கருமலையான்.
"இல்ல, லைன் கீழ இறங்கல. அநேகமா திரும்பி வரும்."
அந்த அநேகமாவை வாங்கிக்கொண்டு
வராந்தாவில் போய் உட்கார்ந்தார்.

அட்ரோபின் போட்டார்கள். நாக்கு வறண்டது.
நாடி அசையவில்லை.
"தண்ணிக்குள்ள மூச்சுக் கட்டுறப்ப இப்பிடித்தான்,
மெதுவா அடிக்கும்" என்றாள்.
"மேல வந்தா சரியாயிரும்."

தொடை ரத்தக்குழாய் வழியே ஒரு கம்பி ஏறிப்போய்
கீழறைச் சுவரைத் தொட்டது.
தாளில் நட்டுக்குத்தாய் ஒரு கோடு,
அதன் பின்னால் அகலமாய் ஒரு துடிப்பு.
கோடு. துடிப்பு.
கம்பு நட்டுக் கம்பு நட்டு வலை கட்டுகிற மாதிரி.
படுக்கை ஓரத்தில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி,
அதற்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி.
கருமலையான் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார்:
"ரேடியோவுக்குப் போடுறதா?"

தினமும் காலையில் பெட்டியைத் தணித்துவிட்டு
அவளுடைய சொந்த நாடியைத் தேடினோம்.
இரண்டாம் நாளும் இரண்டு கடல்.
மூன்றாம் நாள் கீழறைக்குக் காது திறந்தது.
தாமதமாய் ஒரு பதில்,
இன்னும் தாமதமாய் ஒன்று,
அதற்கும் தாமதமாய் ஒன்று,
அடுத்ததைக் கேட்காமல் விட்டது.
பிறகு மறுபடி முதலிலிருந்து.
நாலாம் நாள் எல்லாக் கூப்பாட்டுக்கும் பதில் வந்தது,
கொஞ்சம் யோசித்து.

பக்கத்துக் கட்டில் வாலிநோக்கத்துக்காரர், முன்சுவர்.
அவருக்கும் கம்பி, அவருக்கும் பெட்டி.
நாலாம் நாள் விடியும்போது
அங்கே புது விரிப்பு போட்டிருந்தது.
அவர் தாள்களையும் நான்தான் எடுத்தேன்,
தேதி போட்டு மடித்தேன்.

மதுரைக்கு அனுப்புகிற அன்று நம்புத்தாய் கேட்டாள்:
"எப்ப இறங்கலாம்?"
"மூச்சுக் கட்டவே கூடாது."
"அப்ப பாசி?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.
நான் மார்பில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
பசைக்கு அடியில்,
நாலு நாள் கழித்தும்,
கொஞ்சம் வெள்ளை.